ஒன்பது பாட்டும் ஒரு சீப்பும்

கண்ணமங்கலத்தில் பஸ் பத்து நிமிடம் நின்றது. வேலூரிலிருந்து ஆரணிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். எனக்கு முன் சீட்டில், ஜன்னலோரமாக மெர்சி டீச்சர். மடியில் ஒரு கட்டு விடைத்தாள், கையில் சிவப்புப் பேனா. பஸ் நிற்கும் நேரம் பார்த்து, வேகமாகத் திருத்திக்கொண்டிருந்தார்.

டிரைவர் டீ குடித்துவிட்டு ஏறினார். பாட்டுப் பெட்டியைத் தட்டிவிட்டார். 'டடக் டக், டடக் டக்' என்று ஒரு தாளம். அதன் மேல் ஒரு பெண் குரல், பாதி பாட்டும் பாதி அதட்டலுமாக:

'எழுந்திரு, எழுந்திரு, பஸ்ஸு வந்துகினு இருக்குது
இட்டிலி தட்டுல குந்திகினு உன்னைப் பாத்துகினு இருக்குது
ரிப்பன் எங்க, சாக்ஸு எங்க, நேரம் ஓடிகினு இருக்குது
சீப்பு, சீப்பு, ஜல்தி வாடி, வாசல் காத்துகினு இருக்குது!'

பின்சீட்டுக் கல்லூரிப் பெண்கள் 'சீப்பு, சீப்பு' வந்ததும் கூடவே கத்தினார்கள். முன்னால் ஒரு அம்மாவின் மடியில் இருந்த குழந்தை தாளத்துக்குத் தலையாட்டியது. கண்டக்டர் டிக்கெட்டைக்கூட தாளத்துக்குக் கிழித்தார். மெர்சி டீச்சர் மட்டும் குனிந்த தலை நிமிரவில்லை.

"இன்னா மேடம், பாட்டு புடிக்கலையா? ஊரே கேட்டுகினு கீது" என்றார் கண்டக்டர்.

"கேட்டிருக்கேன்பா" என்று சொல்லிவிட்டு, ஒரு கணக்கின் குறுக்கே பெரிதாகப் பெருக்கல் குறி போட்டார்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. சீட்டைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தேன். டீச்சர் திரும்பிப் பார்த்தார். "சேகர், வாயைத் திறந்தீங்க, அவ்ளோதான்" என்றார்.

வாயை மூடிக்கொண்டேன். அந்தக் குரல் அவருடையது என்பது அந்த பஸ்ஸில் எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். அதைப் பதிவு செய்தவன் நான். அன்றைக்கு மூடிய வாயை, அவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, இந்த வாரப் பத்தியில் திறக்கிறேன்.

ஆட்டுப் பாட்டு

அதற்கு முன்னால் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஒரு கூட்டத்தில் ஒட்டாமல் நிற்கும் பாட்டுகள் மீது எனக்கு ஒரு தனிப் பிரியம் உண்டு.

ஆரணி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கேசட் ரெக்கார்டிங் கடை வைத்திருந்தபோது அந்தப் பழக்கம் வந்தது. பிடித்த பாட்டுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், வெற்றுக் கேசட்டில் பதிந்து கொடுக்கும் தொழில். இன்றைய பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

படவேட்டுப் பக்கத்து விவசாயி ஒருவர், அம்மன் பாட்டுகளாகக் கட்டி, தன் குரலில் ஒரு கேசட் போட்டார். எட்டுப் பாட்டு. எட்டும் பக்தி சொட்டும். கடைசியில் நாடாவில் கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது. சும்மா விடுவானேன் என்று, காணாமல் போன தன் ஆட்டைத் தேடி அவர் பாடும் ஒரு பாட்டையும் சேர்த்துவிட்டார். மலையடிவாரம் முழுக்கப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போகிற பாட்டு.

ஆடி மாதம் வந்தது. அவரை மேடைக்குக் கூப்பிட்ட ஊரெல்லாம் "ஆட்டுப் பாட்டு பாடுங்க" என்றது. மனிதருக்குக் கோபமான கோபம். "ஆத்தாளைப் பத்தி எட்டு பாட்டு எழுதிகினு வந்தா, ஆட்டைக் கேக்கறானுங்கோ" என்று என் கடையில் வந்து புலம்பினார்.

ஆனால் நான் அந்தக் கேசட்டைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அம்மனைப் பாடும்போது ஊர் கேட்கிறது என்ற நினைப்பு அவர் குரலில் இருந்தது. ஆட்டைக் கூப்பிடும்போது அது இல்லை. அந்த ஆடு காதில் வாங்கித் திரும்பி வர வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு.

இன்னொருவர், பட்டுச் சேலைக்குச் சாயம் போடுகிறவர். விரலெல்லாம் அரக்குச் சிவப்பு. ஒரு வெற்றுக் கேசட்டைக் கொடுத்து, ஒரே ஒரு சினிமாப் பாட்டைச் சொல்லி, "ரெண்டு பக்கமும் இதையே போடுங்க" என்றார். அந்தப் படத்தில் மற்ற பாட்டெல்லாம் ஆட்டம் பாட்டம். இது ஒன்றுதான் அழுகை மாதிரி மெதுவாகப் போகும், யாரும் கேட்டு வாங்காத பாட்டு.

"மத்ததெல்லாம் வேணாமா?" என்று கேட்டேன்.

"மத்ததெல்லாம் படத்துக்குப் பாடினதுங்க. இது எனக்குப் பாடினது" என்றார்.

இசையைப் பற்றி அதற்குப் பிறகு எத்தனையோ பெரியவர்கள் பேசிக் கேட்டிருக்கிறேன். அதைவிட நல்ல விமர்சனம் கேட்ட நினைவு இல்லை.

டீச்சரின் ஒன்பது

கேசட் போய், சிடி வந்து, அதுவும் போனது. நான் ஒரு ஜரிகைக் கடையின் மாடியில் சின்னதாக ஒரு ஒலிப்பதிவுக் கூடம் போட்டேன். சுவரெல்லாம் பஞ்சுமெத்தை ஒட்டி, ஒரு கணினி, இரண்டு மைக். கல்யாணப் பாட்டு, கோயில் பாட்டு, தேர்தல் வந்தால் கட்சிப் பாட்டு.

அங்கேதான் மெர்சி டீச்சர் வந்தார். பள்ளியில் கணக்கு டீச்சர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடகர் குழுவுக்குத் தலைவி. ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. தான் எழுதி மெட்டமைத்த ஒன்பது துதிப்பாடல்களைப் பதிவு செய்ய வேண்டும் என்றார்.

"எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்டார்.

"மூணு நாள் போதும் டீச்சர்."

அவர் சிரித்தார். எனக்கு அப்போது அவரைத் தெரியாது. ஐந்து மாதம் ஆனது.

நான்கு குரல் இசை. மேலே பெண்கள் இரண்டு அடுக்கு, கீழே ஆண்கள் இரண்டு அடுக்கு. ஒரு அடுக்கில் ஒருவர் மூச்சு தப்பி எடுத்தாலும் டீச்சரின் கை மேலே போகும். பாட்டு நிற்கும். "ஜான், உன் சுருதி ஒரு முடி இறங்கிடுச்சு. அரை முடி இறங்கியிருந்தாகூட விட்டிருப்பேன்" என்பார். ஜான் தாசில்தார் அலுவலகத்தில் பெரிய பதவியில் இருந்தார். அங்கே அவரைப் பார்த்து மற்றவர்கள் நடுங்குவார்கள். இங்கே அவர் தலையைச் சொறிவார்.

இன்னொரு தொல்லை, பக்கத்து வீட்டு ஏகாம்பரம் அண்ணனின் தறி. எத்தனை பஞ்சுமெத்தை ஒட்டினாலும் 'டடக் டக்' உள்ளே வந்துவிடும். அவர் மதியம் சாப்பிட்டுக் கொஞ்ச நேரம் படுப்பார். சனி, ஞாயிறில் அந்த ஒரு மணி நேரம்தான் எங்கள் பதிவு நேரம். பாடகர் குழு முழுக்க அவருடைய தூக்கத்தை நம்பியிருந்தது.

அந்த ஒன்பது பாட்டும் எப்படி இருந்தன என்று கேட்டால், நல்ல பட்டின் மடிப்பு மாதிரி இருந்தன. ஒரு நூல் வெளியே தெரியாது. நான் கோயிலுக்குப் போகிறவன். ஆனாலும் நான்காவது பாட்டைக் கலந்து முடித்த அன்று, கொஞ்ச நேரம் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன். இந்த ஊரில், இந்த மாடியில் இது பிறந்தது என்று பெருமையாக இருந்தது. கேட்கிறவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள் என்றும் தெரிந்தது.

கரண்ட் போன மதியம்

ஒன்பதாவது பாட்டின் கடைசி அடியைப் பதிவு செய்ய வேண்டிய நாள். எல்லோரும் நின்றார்கள். டீச்சர் கை தூக்கினார். கரண்ட் போய்விட்டது.

கால் மணி, அரை மணி காத்திருந்தோம். ஏகாம்பரம் அண்ணன் எழுந்துவிட்டார். கைத்தறிக்குக் கரண்ட் எதற்கு? 'டடக் டக்' ஆரம்பித்தது. பாடகர்கள் ஒவ்வொருவராக டீ குடிக்க இறங்கினார்கள். டீச்சர் மட்டும் மைக் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். நான் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம். என் மடிக்கணினியும் டீச்சர் முன்னால் இருந்த ஒரு மைக்கும் மட்டும் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தன; நான்கு குரல் பதிவுக்கு அது போதாது.

அவருடைய விரல்கள் நாற்காலிக் கையில் தட்ட ஆரம்பித்தன. தறி போட்ட தாளத்துக்குத்தான் தட்டினார். அப்புறம் மெல்ல வாய் முணுமுணுத்தது. அப்புறம் குரல் வந்தது. எழுந்திரு, எழுந்திரு, பஸ்ஸு வந்துகினு இருக்குது.

நான் பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டேன். கேட்காமல் செய்தது தப்புதான்.

முடிந்ததும் ஹெட்போனை அவர் காதில் மாட்டி, போட்டுக் காட்டினேன். முகம் சிவந்துவிட்டது.

"இன்னா சேகர் இது! இதெல்லாம் பாட்டா? வீட்ல திட்டறது."

"டீச்சர், இதைப் பத்தாவதா போடலாம்."

"ஒன்பது தோத்திரம் பாடிட்டு, அப்பால இட்டிலியா?"

நான் விடவில்லை. மூன்று நாள் பின்னால் அலைந்தேன். கடைசியில் சம்மதித்தார், இரண்டு நிபந்தனையோடு. பாட்டு கடைசியில் வர வேண்டும். பாடியவர் பெயர் போடக் கூடாது. சுத்தமாக ஒருமுறை பாடிப் பார்ப்போம் என்று, தறி நின்ற நேரத்தில் மறுபடி பாட வைத்தேன். சுருதி சுத்தம், தாளம் சுத்தம், பாட்டு செத்துப்போயிருந்தது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, தறிச் சத்தத்தோடு இருந்த முதல் பதிவையே சேர்த்தேன்.

பத்துப் பாட்டையும் இணையத்தில் ஏற்றினோம். கீழே என் பெயரும் போன் நம்பரும் போட்டேன், யாராவது விசாரித்தால் சொல்லலாமே என்று.

பெரணமல்லூரில் ஒரு மழலைப் பள்ளியில் ஆண்டு விழாவுக்கு அந்தப் பத்தாவது பாட்டை ஆட வைத்தார்கள். குழந்தைகள் ஆளுக்கொரு பெரிய அட்டைச் சீப்போடு ஆடியதை யாரோ போனில் எடுத்துப் போட்டார்கள். அவ்வளவுதான். அதற்கப்புறம் அது யார் பிடியிலும் இல்லை. ஆட்டோவில், கல்யாண மண்டபத்தில், காலை நேரத்து வீடுகளில். "அந்த டடக் டக் எந்த மிஷின்ல போட்டீங்க?" என்று சென்னையிலிருந்து ஒருவர் போன் செய்தார். ஏகாம்பரம்னு ஒரு மிஷின் என்றேன்.

முதல் ஒன்பது பாட்டையும் கேட்டவர்கள் யார் யார் என்று பேர் சொல்லிவிடலாம். எனக்குத்தான் குற்ற உணர்ச்சி. ஐந்து மாத உழைப்பை ஒரு மதியத்து முணுமுணுப்பு மறைத்துவிட்டதே என்று டீச்சரிடம் சொன்னேன்.

"அதுக்கு இன்னாத்துக்கு பேஜார் ஆவறீங்க? ஒன்பதும் நான் செஞ்சது. அது தானா வந்தது. தானா வந்தது தானா சுத்திகினு கீது" என்றார். கண்ணமங்கலத்தில் பஸ்ஸுக்குள் அவர் பெருக்கல் குறி போட்டது இதற்கெல்லாம் அப்புறம். அப்போதும் அவர் முகத்தில் பொறாமையோ வருத்தமோ இல்லை. வெட்கம் மட்டும்தான். அவரை நான் மதிக்கத் தொடங்கியது, 'தானா வந்தது' என்று அவர் சொன்ன அன்றைக்குத்தான்.

சீப்பு யார்?

ஒருநாள் காலை பெங்களூரிலிருந்து ஒரு போன்.

"அங்கிள், நான் ஷீபா. மெர்சி டீச்சர் பொண்ணு. அம்மா கிளாஸ்ல இருப்பாங்க, எடுக்கல. பாட்டுக்குக் கீழ உங்க நம்பர் இருந்தது."

மகள் பெங்களூரில் வேலை பார்ப்பது தெரியும். கிறிஸ்துமஸுக்கு ஒருநாள் வந்துவிட்டுப் போவாள் என்பதும் தெரியும். அதற்குமேல் டீச்சர் சொன்னதில்லை.

"கேன்டீன்ல ஒருத்தர் போன்ல ரிங்டோனா அடிக்குது அங்கிள். எங்கம்மா குரல்! தட்டை வெச்சுட்டு வெளிய வந்து போன் பண்றேன். யாரைக் கேட்டு இதைப் போட்டீங்க?"

"அம்மாவைக் கேட்டுத்தான்மா போட்டோம்…"

"என்னைக் கேட்டீங்களா? அந்த சீப்பு யாருன்னாவது உங்களுக்குத் தெரியுமா?"

"தலை வார்ற சீப்பு. காலையில காணாம தேடறாங்க…"

"நான்தான் அங்கிள் அது. ஷீபான்னு கூப்பிட மாட்டாங்க. சீப்புன்னுதான் கூப்பிடுவாங்க. ஊரு முழுக்க அட்டையில சீப்பு வெட்டி ஆடிகினு இருக்கு. அது நான்!"

கோபமாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது குரல் வேறு மாதிரி ஆகிவிட்டது. "அதுல பாதிதான் இருக்கு. அவங்க ஒரு வரி பாடுவாங்க. போர்வைக்குள்ள இருந்து நான் ஒரு வரி பதில் பாடுவேன். 'பஸ்ஸு போனா போவட்டும்மா, பின்னாடி ஒண்ணு வந்துகினு இருக்குது.' என் வரியே இல்ல அங்கிள்" என்றாள்.

சாயங்காலம் டீச்சர் வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

"அவ அப்பா அப்போ மிலிட்டரில. காலையில நானும் அவளும்தான். அவளும் நல்லாத்தான் பாடுவா. பிளஸ் டூ படிக்கறப்போ, சர்ச்ல பெரிய வெள்ளிக்குப் பாட்டு பழகிகினு இருந்தோம். அவ சுருதி இறங்கிகினே வந்தது. மூணு தரம் நிறுத்தினேன். நாலாவது தரம், எல்லாரும் இருக்கறப்போ, 'ஷீபா, நீ வாயை மட்டும் அசை, சத்தம் வேணாம்'னு சொல்லிட்டேன்."

கீழே வைத்த டம்ளரை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"சொன்னபடியே செஞ்சா. ஆராதனை முழுக்க வாயை மட்டும் அசைச்சா. அன்னியோட சரி. அப்புறம் அவ பாடி நான் கேட்டதே இல்ல. போன்ல பேசுவா. சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, அவ்ளோதான். நானும் அதுக்கு மேல கேக்கறதில்ல."

இதை அவர் அழுதுகொண்டு சொல்லவில்லை. மாணவர் விடைத்தாளில் தவறு எங்கே என்று காட்டுவது போல, சரியான இடத்தில் விரலை வைத்துச் சொன்னார். தன் தவறைக்கூட அவர் ஒரு முடி கூட்டாமல் குறைக்காமல்தான் சொன்னார்.

நான்காவது பாட்டு

இரண்டு வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை முற்பகலில் அம்மாவும் மகளும் என் மாடிக்கு வந்தார்கள். ஷீபாவுக்கு அம்மாவின் நெற்றி, அம்மாவின் நிமிர்ந்த முதுகு. இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் என்னிடமே பேசினார்கள்.

எனக்கோ வேறு ஆசை. மகளின் பதில் வரிகளையும் சேர்த்துப் பதிவு செய்தால் எப்படி இருக்கும்! மைக்கைத் துடைத்து, தயாராக வைத்திருந்தேன்.

"நான் பாட மாட்டேன் அங்கிள்" என்றாள் ஷீபா, நான் கேட்பதற்கு முன்பே. "அது எங்க வீட்டுக்குள்ள இருந்தது. பாதி வெளிய போயிடுச்சு. மீதி பாதி உள்ளயே இருக்கட்டும்."

டீச்சர் தலையசைத்தார். எனக்கு ஏமாற்றம்தான். ஆனால் அவள் சொன்னதில் நியாயம் இருந்தது.

"மத்த ஒன்பது பாட்டு இருக்குன்னீங்களே, அதைப் போடுங்க" என்றாள்.

"நீ இன்னும் கேக்கலையா?" என்று கேட்டுவிட்டேன்.

"பயமா இருந்தது அங்கிள்."

ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். டீச்சர் எழுந்து வெளியே போய், மாடிப்படியில் நின்றுகொண்டார். பள்ளித் தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளை மாதிரி கைப்பிடிச் சுவரை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒரு கணக்கு டீச்சரை அப்படி நான் பார்த்ததில்லை.

முதல் பாட்டு, இரண்டாவது, மூன்றாவது. ஷீபா அசையவே இல்லை. ஒன்பதையும் கேட்டு முடித்தாள். பிறகு ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"அந்த நாலாவதை இன்னொரு தரம் போடுங்க. இதுல இல்ல, ஸ்பீக்கர்ல."

போட்டேன். இரண்டாவது சரணத்தில் மேல்குரல் ஒரு நீண்ட ஏற்றம் ஏறும். அந்த இடத்தில், பாட்டோடு சேர்ந்து, ஒரு புதுக் குரல் மெல்ல ஏறியது. ஷீபா கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தாள். ஏற்றத்தின் உச்சியில் சுருதி நழுவியது. பிடித்தாள். மறுபடி நழுவியது.

டீச்சர் வாசலில் வந்து நின்றார். அவருடைய வலது கை பழக்கத்தில் பாதி தூரம் மேலே போனதை நான் பார்த்தேன். அந்தக் கையை இடது கையால் பிடித்துக்கொண்டார். பாட்டு முடியும் வரை விடவில்லை.

முடிந்தது. ஷீபா கண்ணைத் திறந்து, அன்றைக்கு முதல் முறையாக நேராக அம்மாவைப் பார்த்தாள்.

"எத்தனை எடத்துல இறங்கினேன்?"

'நல்லா இருந்ததுன்னு சொல்லிடுங்களேன் டீச்சர்' என்று நான் மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

"மூணு எடத்துல" என்றார் டீச்சர்.

ஷீபாவின் முகத்தில் ஒரு கணம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "நான் ரெண்டுன்னு நினைச்சேன்" என்றாள்.

டீச்சர் உள்ளே வந்து, இன்னொரு நாற்காலியை இழுத்து மகளுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"சேகர், முதல்ல இருந்து போடுங்க" என்றார். பிறகு மகளிடம், "நான் கீழ்க்குரல் பிடிக்கிறேன். நீ சத்தமா பாடு."